தொடர்ந்து ஆறு மணி நேரம்

7 அக்டோபர் 2024, திங்கள்

கல்லூரி அலுவலகத்திலிருந்து மறுபடியும் ஒரு படிவம். பெயர்: தமிழரசு. பணி: உதவிப் பேராசிரியர், இயந்திரவியல் துறை. வயது: 41. முனைவர் பட்டப் பதிவு: பகுதி நேரம், ஏழாம் ஆண்டு. 'ஏழாம்' என்று எழுதும்போது பேனா மக்கர் பண்ணியது. அதற்கும் வெட்கம் போல.

கடைசிக் கட்டத்தில், ஆய்வைப் பொதுமக்களுக்குப் புரியும்படி இரண்டு வரியில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன்: அலுமினியப் பொடியோடு, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் பீங்கான் வகைத் துகள்களைக் கலந்து, எஃகுக் குண்டுகள் போட்ட ஜாரில் வைத்து மில்லில் சுழற்றி அரைப்பது. அந்தப் பொடியை அழுத்திச் சுட்டால் எடை குறைந்த, உறுதியான உலோகம் கிடைக்கும்.

வீட்டில் மனைவி தனப்பிரியாவிடம் படித்துக் காட்டினேன். நாமக்கல்லில் பெரிய விடுதிப் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர் அவள். சுற்றி வளைப்பது பிடிக்காது. "கிரைண்டர்ல மாவாட்டறதுன்னு எழுதியிருந்தா ஒரே வரியில முடிஞ்சிருக்குமுங்களே" என்றாள். மாணவர்கள் எனக்குப் 'பொடி சார்' என்று பெயர் வைத்திருப்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

மதியம் ஒரு மின்னஞ்சல். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியிலிருந்து கயல்விழி என்ற ஆராய்ச்சி மாணவி. இரண்டு வருடம் முன்பு நான் வெளியிட்ட கட்டுரையைப் படித்திருக்கிறாராம். நான்கு முறை படித்தேன் அந்த வரியை. கட்டுரையை இதுவரை படித்தவர்கள் நான், என் வழிகாட்டி, இரண்டு மதிப்பீட்டாளர்கள் என்று நினைத்திருந்தேன். மதிப்பீட்டாளர்கள் விஷயத்தில்கூட உறுதியில்லை.

பாராட்டு இரண்டாம் பத்தியிலேயே முடிந்துவிட்டது. நான் எழுதியபடியே செய்தும் ஆறு மாதமாக அவருக்குப் பொடி வரவில்லை. குண்டுகளில் ஒட்டிக்கொண்டு தகடாகத்தான் வருகிறதாம். எங்கே தவறு செய்கிறேன் என்று கேட்டிருக்கிறார்.

8 அக்டோபர், செவ்வாய்

பதில் அனுப்பிவிட்டேன். நான்கு அறிவுரைகள், எண் போட்டு. ஆர்கான் வாயுவின் தூய்மையைப் பாருங்கள், குண்டுகளைக் கழுவுங்கள், ஒட்டாமலிருக்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலத்தைச் சரியாக நிறுங்கள், நான்காவது, "பொறுமையும் கவனமும் தேவை". அனுப்பிய பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். பேராசிரியர் மாதிரியே இருந்தது.

10 அக்டோபர், வியாழன்

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் ஆய்வகத்தில் இன்றே பூஜை. லேப் டெக்னீசியன் நாச்சிமுத்து மில்லுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, மூடியில் செவ்வந்தி மாலை போட்டிருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். கல்லூரிக்கு வருமுன் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருந்தவர், ஊர் பனமரத்துப்பட்டி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. பொரி தின்றுகொண்டே மாணவர்கள் முன்னால் வழக்கமான கதையை எடுத்துவிட்டேன். என் அப்பா, அம்மா கல்யாணம் வேண்டுமென்றே ராகு காலத்தில் நடந்தது. இந்த மில் மூன்று வருடம் முன்பு வந்தபோது, நாச்சிமுத்து வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் ராகு காலத்தில்தான் நான் ஸ்விட்ச் போட்டேன். அன்றைக்கு அவர் முகம் போன போக்கை நடித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நாச்சிமுத்தும் சிரித்தார். எனக்கு நடிப்பு வரும் என்று ஒரு நம்பிக்கை.

6 நவம்பர், புதன்

வழிகாட்டி சிவக்குமார் சாரைப் பார்க்கச் சேலம் போனேன். ஆய்வுச் சுருக்கத்தைச் சமர்ப்பிக்கும் முன் இன்னும் நான்கு பேட்ச் வேண்டுமாம், துகள் அளவைக் கொஞ்சம் கூட்டி. ஏப்ரலோடு என் பதிவு காலாவதி. நான்கு பேட்ச் என்றால் நான்கு நாள் வேலை. காலையில் பொடியை ஜாரில் அடைத்து, ஆர்கான் நிரப்பி, நாச்சிமுத்து கையில் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போவேன். சாயங்காலம் வாங்கிக்கொள்வேன். மில்லின் திரை ஓடிய நேரம் ஆறு மணி என்று காட்டும். மூன்று வருடமாக அப்படித்தான்.

8 நவம்பர், வெள்ளி

நாச்சிமுத்து திங்களிலிருந்து இரண்டு வாரம் விடுப்பு. வீட்டுக்கு மேல்தளம் கான்கிரீட் போடுகிறாராம். பரவாயில்லை, மில்லை நானே ஓட்டிக்கொள்கிறேன் என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். "ஏனுங்க?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க சார்" என்றார்.

12 நவம்பர், செவ்வாய்

வகுப்புகளைத் துறையில் உடன் வேலை பார்க்கும் கௌதமனிடம் தள்ளிவிட்டு நானே ஓட்டினேன். 8.30க்குப் போட்டேன், 2.30க்கு நின்றது. ஆறு மணி நேரம், இம்மி பிசகவில்லை. ஜாரைத் தொட முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறவிட்டு நாலரைக்குத் திறந்தேன்.

பொடி இல்லை. குண்டுகள் எல்லாம் வெள்ளிப் பூண் போட்டது போல அலுமினியம் பூசிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஜாரின் சுவரிலும் தகடு. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். தோசைக்கல்லில் ஒட்டிய முதல் தோசையைச் சுரண்டுவது மாதிரி.

13 நவம்பர், புதன்

தகடு.

14 நவம்பர், வியாழன்

ஸ்டியரிக் அமிலத்தை இரண்டு மடங்கு ஆக்கினேன். தகடு, கொஞ்சம் வழவழப்பாக.

16 நவம்பர், சனி

குற்றவாளிகளைத் தேடும் பணி. ஆர்கான் சிலிண்டர் புதிது, அதன் மேல் சந்தேகம். அலுமினியப் பொடி புது டப்பா, அதன் மேலும். வாரம் முழுக்க மழை, ஈரப்பதம் காரணமாக இருக்கலாம். மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது என்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் மீட்டரைக் காட்டினார், முள் அசையவே இல்லை. ஜாரின் ரப்பர் வளையத்தையும் மாற்றியாயிற்று. ஊரில் என் சந்தேகத்துக்குத் தப்பிய ஒரே ஆள் நான்தான்.

21 நவம்பர், வியாழன்

கயல்விழியிடமிருந்து இரண்டாவது மின்னஞ்சல். நான்கு அறிவுரைகளையும் செய்து பார்த்துவிட்டாராம். ஆர்கானுக்குச் சோதனைச் சான்றிதழே வாங்கி இணைத்திருக்கிறார். அவருடைய வழிகாட்டி, பிரசுரமான ஒன்றைத் திருப்பிச் செய்யத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்டாராம். உதவித்தொகை மார்ச்சில் முடிகிறது. கடைசியில் ஒரு படம்.

படத்தைத் திறந்தேன். வெள்ளிப் பூண் போட்ட குண்டுகள்.

என் மேசை மேலேயே அதே மாதிரி பதினாறு குண்டுகள் தட்டில் கிடக்கின்றன. அவர் அனுப்பியது என் படமோ என்று ஒரு நொடி தோன்றியது. அந்தப் பெண்ணிடம் கவனக்குறைவு இல்லை. பொறுமையும் கவனமும் தேவை என்று எழுதிய மகானுக்கும் தகடுதானே வருகிறது?

பதில் எழுத உட்கார்ந்தேன். "பார்க்கிறேன்" என்று மட்டும் எழுதினேன்.

26 நவம்பர், செவ்வாய்

நாச்சிமுத்து வந்துவிட்டார். அதே சிலிண்டர், அதே டப்பா, அதே ஜார். காலையில் கொடுத்தேன். சாயங்காலம் திறந்தால் பொடி. சுமாரான பொடிதான், ஆனாலும் பொடி.

27 நவம்பர், புதன்

அருமையான பொடி. விரலில் எடுத்தால் நிற்காமல் வழிகிறது.

எனக்கு ஏதோ ஆகிவிட்டது. இன்று ஜாரை நாச்சிமுத்து தன் கையால்தான் மில்லில் மாட்ட வேண்டும் என்று பார்த்துக்கொண்டேன். அவருக்கு முன்னால் யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது என்று மாணவர்களிடமும் சொன்னேன். கைராசி என்ற சொல் எனக்குள் வந்து போனது. அப்பா இருந்திருந்தால் சாப்பாடு போடாமல் வெளியே அனுப்பியிருப்பார்.

28 நவம்பர், வியாழன்

இன்று பொடி மோசம். பாதி செதில். கைராசியிலும் ஏற்ற இறக்கம் உண்டா?

29 நவம்பர், வெள்ளி

பதினொரு மணிக்கு வகுப்பு ரத்து. பின்கட்டில் இருக்கும் ஆய்வகத்துக்கு நடந்தேன். நாச்சிமுத்து ஓட்டும் நாட்களில் அந்த நேரத்துக்கு நான் அங்கே போனதே இல்லை. கதவை நெருங்கும்போதே ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. சத்தம். மில் ஓடவில்லை.

நாச்சிமுத்து மில்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை ஜார் மேல் வைத்தபடி தினசரி படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பேப்பரை மடித்தார். மறுபடி விரித்தார்.

மின்சாரம் போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். ரிப்பேரா? அதுவும் இல்லை. தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"ராகு காலத்துல மெசின் ஓட்ட மாட்டனுங்க சார். எமகண்டத்துலயும் நிறுத்திப் போடுவன். பத்தரைக்கு நிறுத்துனா பன்னண்டுக்குத்தான் போடுவன். ஆனா ஆறு மணி நேரத்துல ஒரு நிமிசங்கூடக் கொறைச்சதில்லீங்க."

எத்தனை நாளாக? முதல் நாளிலிருந்து. மூன்று வருடமாக. நான் ராகு காலத்தில் ஸ்விட்ச் போட்டேனே, அன்றைக்கும் நான் வெளியே போனதும் நிறுத்திவிட்டாராம்.

நாமக்கல்லில் லோடு ஏற்றிய லாரியே ராகு காலத்தில் நகராது, பட்டறையில் வெல்டிங்கைக் கூடத் தொடங்க மாட்டோம், அந்தப் பழக்கம் என்றார். லாக் புக்கில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் குரல் உயரவில்லை.

"எழுதுனா நீங்க படிப்பீங்க. படிச்சா எல்லாத்து முன்னாடியும் சொல்லிச் சிரிப்பீங்க. அதானுங்க எழுதல."

ஆயுத பூஜை அன்று நான் நடித்துக் காட்டிய முகம் எதிரே நின்றுகொண்டிருந்தது.

சில கிழமைகளில் மூன்று மணி நேரம் நிறுத்தியதை ஈடுகட்ட அஞ்சரை வரை இருந்திருக்கிறார். அவர் ஊர்ப் பஸ் நாலே முக்காலுக்கு. அடுத்தது ஆறே காலுக்கு. மூன்று வருடமாக அந்தக் கிழமைகளில் மில் ஓடினால் ஆறே கால் பஸ். 'வேலை மெதுவாகச் செய்கிறார்' என்று போன வருட மதிப்பீட்டுப் படிவத்தில் நான்தான் எழுதினேன்.

30 நவம்பர், சனி

லாக் புக்கை எடுத்து உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் முப்பத்தொரு பேட்ச். பக்கத்தில் தினசரிக் காலண்டர். ராகு காலம், எமகண்டம் பார்க்க எனக்குத் தெரியாது. தனப்பிரியா சொல்லிக் கொடுத்தாள். அப்பா, மன்னியுங்கள்.

வெள்ளி: எட்டரை முதல் பத்தரை வரை ஓட்டம், ஒன்றரை மணி நேரம் ஓய்வு. பன்னிரண்டு முதல் மூன்று வரை ஓட்டம், மறுபடி ஓய்வு. நாலரை முதல் அஞ்சரை. ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடவே இல்லை. வெள்ளிக்கிழமைப் பொடியை அழுத்திச் சுட்ட வில்லைகளின் கடினத்தன்மை 118 வரை. புதனும் சனியும் அதே அளவுதான். திங்கள், செவ்வாயில் ஒரே மூச்சில் நாலரை மணி நேரம் ஓடியிருக்கிறது, 95க்குப் பக்கம். வியாழன் எமகண்டம் காலை ஏழரைக்கே முடிந்துவிடும். எட்டரையிலிருந்து ஒன்றரை வரை ஐந்து மணி நேரம் நிற்காத ஓட்டம். 74.

நான் ஓட்டினேனே நிற்காமல் ஆறு மணி நேரம். அளக்கப் பொடியே இல்லை.

சூடுதான். அலுமினியம் மெத்தென்ற உலோகம். இடைவிடாமல் அரைத்தால் ஜார் சூடேறி, பொடி இளகி, ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். நடுவில் ஆறவிட்டால் உடையும். முதுகலை மாணவர்களுக்கு வருடா வருடம் நானே நடத்தும் பாடம் இது. கட்டுரையில் இந்த வித்தியாசத்தையெல்லாம் சராசரி போட்டு, 'சோதனைப் பிழைக்கு உட்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். சோதனைப் பிழைக்குப் பெயர் வியாழக்கிழமை என்று தெரியாமல் போயிற்று.

செய்முறைப் பகுதியை எடுத்துப் பார்த்தேன். "ஆறு மணி நேரம் தொடர்ந்து அரைக்கப்பட்டது." தொடர்ந்து. நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தது போல எழுதிய சொல். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் ஒரு பெண் எட்டு மாதமாகத் தகடு சுரண்டுகிறாள்.

1 டிசம்பர், ஞாயிறு

தனப்பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முட்டைக்குழம்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"அந்தப் புள்ளைக்கு எப்ப எழுதப் போறீங்க?"

வழிகாட்டியைக் கேட்டுவிட்டு என்றேன். அவருக்கா தகடு வந்தது என்று கேட்டாள். அதற்குப் பிறகு வெங்காயத்தைத்தான் பார்த்தாள்.

2 டிசம்பர், திங்கள்

சிவக்குமார் சார் முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர், என்னை ஏழு வருடமாகச் சகித்தவர். நான் போட்டுக்கொண்டுபோன வரைபடத்தைப் பார்த்து, இது நல்ல முடிவு, இதையே ஓர் அத்தியாயமாக்கலாம் என்றார். ஆனால் கட்டுரை?

"தமிழரசு, ஆய்வேட்டுல 'இடைவெளி விட்டு'ன்னு ரெண்டு வார்த்த சேத்துக்குங்க. அச்சான பேப்பரத் தோண்டாதீங்க. பத்திரிகைக்காரங்க வாபஸ் வாங்கிட்டாங்கன்னா உங்களுக்கு வைவாவே கெடையாது. ஏப்ரல் ஞாபகம் இருக்குதா?"

இருக்கிறது. பதிவில் உள்ள ஒரே கட்டுரை அதுதான். அது போனால் ஏழு வருடமும் போச்சு.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவர் சொன்னதே சரி என்று எனக்கு நானே வாதாடினேன். கயல்விழிக்கு மட்டும் ரகசியமாக ஒரு வரி போட்டுவிடலாம், "இடையில் ஆறவிட்டுப் பாருங்கள்" என்று, ஐந்தாவது அறிவுரை மாதிரி. அவருக்கு வேலை ஆகிவிடும், எனக்கும் ஆபத்தில்லை. ராசிபுரம் வருவதற்குள் இதுதான் நியாயம் என்றே முடிவு செய்துவிட்டேன். ஆண்டகளூர் கேட் தாண்டியதும், கயல்விழியை அவர் வழிகாட்டி கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. ரகசிய வரியை வைத்து அந்தப் பெண் அவருக்கு என்ன பதில் சொல்லும்? தப்பு தன்னுடையது இல்லை என்று எதைக் காட்டும்?

3 டிசம்பர், செவ்வாய்

எழுதவில்லை. தலைவலி என்று சொல்லிக்கொண்டேன்.

5 டிசம்பர், வியாழன்

இரண்டு கடிதம். ஒன்று பத்திரிகைக்கு: செய்முறையில் பிழை, திருத்தம் வெளியிட வேண்டும். இன்னொன்று கயல்விழிக்கு: தவறு உங்களுடையது அல்ல, என்னுடையது, இதை உங்கள் வழிகாட்டிக்கும் காட்டலாம். முப்பத்தொரு பேட்சின் நேரப் பட்டியலையும் இணைத்தேன். என் நான்கு அறிவுரைகளுக்கும் தனியாக மன்னிப்பு, குறிப்பாக நான்காவதுக்கு.

இரண்டையும் அனுப்பிவிட்டு வழிகாட்டியிடம் சொன்னேன். "சரி, ஆனது ஆச்சு. நானும் கையெழுத்துப் போடோணுமல்ல, அனுப்புங்க" என்றார்.

9 டிசம்பர், திங்கள்

கயல்விழியின் பதில், அப்படியே: "சார், எட்டு மாதம். பரவாயில்லை என்று எழுத மனம் வரவில்லை. நேரப் பட்டியலுக்கு நன்றி."

நாள் முழுக்க நாலைந்து தரம் எடுத்துப் பார்த்தேன். கூடுதலாக ஒரு சொல் முளைத்திருக்காதா என்று. முளைக்கவில்லை. அவர் எழுதியது சரிதான்.

11 டிசம்பர், புதன்

புது லாக் புக். நிறுத்தியது, போட்டது, காரணம் என்று மூன்று பத்தி கோடு போட்டு நாச்சிமுத்துவிடம் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். ஆரம்பித்ததுமே அவர், "விடுங்க சார், டீ ஆறுது" என்றார். ஒத்திகை வீண்.

மதிப்பீட்டுப் படிவத்தைத் திருத்தித் தரலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். போன வருடத்துக் கோப்பு கட்டியாகிவிட்டதாம். நான் எழுதியது தவறு என்று ஒரு கடிதம் எழுதி அதோடு சேர்த்துக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

8 ஜனவரி 2025, புதன்

ஒரு சந்தேகத்தை விட்டுவைக்கக் கூடாது. பொடியை நல்லதாக்குவது ஓய்வா, ராகுவா? இன்று எமகண்டத்தில் 7.45க்குத் தொடங்கி, ராகு காலம் முழுக்க ஓட்டி, வேறு நேரத்தில் இரண்டு முறை ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டேன். நாச்சிமுத்து தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் பன்னிரண்டு மணிக்கு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மில் வெடிக்கவில்லை, நானும் வெடிக்கவில்லை.

11 ஜனவரி, சனி

வில்லை சுட்டு அளந்தாயிற்று. 117. வெற்றி முகத்தோடு நாச்சிமுத்துவிடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்லதுங்க சார். அப்ப ராகு காலத்துல ஓட்டறதுன்னா நீங்க ஓட்டிக்குங்க. நான் ஓட்டல" என்றார். முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

13 பிப்ரவரி, வியாழன்

பத்திரிகை ஆசிரியரிடமிருந்து கேள்வி. நிறுத்திய நேரம் கிழமைக்குக் கிழமை மாறுகிறதே, அது ஏன்?

உண்மையை எழுதினேன். அழித்தேன். அயல்நாட்டில் கண்ணாடி போட்ட யாரோ ஒருவர் படித்துச் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. "ஆய்வகத்தின் வாராந்தர நடைமுறை காரணமாக" என்று எழுதி அனுப்பினேன். பொய் இல்லை. மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று நாச்சிமுத்து எழுதாமல் விட்டதைத் திட்டியவன் நான்.

24 பிப்ரவரி, திங்கள்

கயல்விழியிடமிருந்து ஒரு படம் மட்டும். வெள்ளைத் தாளில் சாம்பல் நிறப் பொடி, ஒரு கைப்பிடி. கீழே "113". தனப்பிரியாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். "உங்களுதை விட நைசா இருக்குதுங்க" என்றாள்.

20 மார்ச், வியாழன்

திருத்தம் வெளியாகிவிட்டது. கட்டுரையை வாபஸ் வாங்கவில்லை. காலையிலிருந்து எத்தனை தரம் திறந்து பார்த்தேன் என்று எண்ணவில்லை. நன்றி சொல்லும் வரியில் நாச்சிமுத்துவின் பெயர், இனிஷியலோடு. அச்சுத் தாளைக் கொடுத்தபோது அவர் தன் பெயர் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிஷியலில் ஒரு எழுத்து விட்டுப்போச்சு என்றார். பார்த்தேன். போச்சுதான். திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போட என்னால் ஆகாது என்று கும்பிட்டேன்.

29 ஏப்ரல், செவ்வாய்

பதிவு நீட்டிப்பு ஆறு மாதம். கடைசி நீட்டிப்பு என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆய்வேடு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது.

30 ஜூன், திங்கள்

வைவா தேதி வந்துவிட்டது. ஜூலை 10, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி. நாச்சிமுத்து காலண்டரைப் பார்க்காமலே, "ஒண்ணரை மூணு ராகு காலமுங்க" என்றார். தேதியை மாற்றச் சொல்லலாமா என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்பேனோ என்று ஒரு நிமிடம் எனக்கே பயமாக இருந்தது.

10 ஜூலை, வியாழன்

முடிந்தது. வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்குள் நானே அழகுபடுத்திவிடுவேன்.

அரங்கில் முப்பது பேர் இருந்தார்கள். தனப்பிரியா அரை நாள் விடுப்புப் போட்டு வந்து இரண்டாம் வரிசையில். கடைசி வரிசையில் ஓரமாக நாச்சிமுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். வரமாட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். மணி இரண்டு. ராகு காலத்தின் நட்டநடு.

நாற்பது நிமிடம் பேசினேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த தாடி, மெல்லிய குரல், வரைபடத்தை நிறுத்தச் சொன்னார். ஓய்வு கொடுத்தால் சூடு தணியும், சரி. ஆனால் ஏன் ஒன்றரை மணி நேரம்? ஒரு மணி நேரம் ஏன் இல்லை? முதன்முதலில் இந்த எண்ணை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் ஸ்லைடு வைத்திருந்தேன். ஜார் குளிரும் வேகம், சமன்பாடு, வளைகோடு எல்லாம். எண்பது நிமிடத்தில் அறை வெப்பநிலைக்கு வரும், கூடப் பத்து நிமிடம் பாதுகாப்புக்கு என்று முடியும் அழகான ஸ்லைடு. பிற்பாடு செய்தது, முன்பே செய்தது போலக் காட்டும். பட்டனில் விரல் இருந்தது.

கடைசி வரிசையைப் பார்த்தேன். நாச்சிமுத்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லட்டுமா என்பது போலப் புருவத்தை உயர்த்தினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தலையசைத்தார்.

"நான் தேர்ந்தெடுக்கலீங்க. எங்க லேப் டெக்னீசியன் ராகு காலத்துலயும் எமகண்டத்துலயும் மெசின் ஓட்ட மாட்டார். அது ஒன்றரை மணி நேரம். அவர் அதை மூணு வருசம் என்கிட்டச் சொல்லல. நான் சிரிப்பேன்னு சொல்லல. நான் சிரிச்சிருப்பேன்."

அரங்கு சிரித்தது. நன்றாகவே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. தேர்வாளர் சிரிக்காமல், அவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டார். நாச்சிமுத்து எழுந்து நின்றார். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் உங்களுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று தேர்வாளர் என்னைக் கேட்டார். தகடுதான் என்றேன். அடுத்து, குளிரும் வளைகோட்டைக் காட்டச் சொன்னார். காட்டினேன், எப்போது செய்தது என்ற தேதியோடு.

வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கலந்து பேசினார்கள். தாழ்வாரத்தில் நான், தனப்பிரியா, நாச்சிமுத்து. உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொன்னபோது மணி மூன்று பத்து. பட்டம் கிடைத்துவிட்டது. வெளியே வந்ததும் நாச்சிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "மூணு மணிக்கு மேலதானுங்க சார் சொன்னாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. எனக்கும். நான் சிரிக்கவில்லை.

நாலே முக்கால் பஸ்ஸுக்கு அவரை நானே வண்டியில் கொண்டுபோய் விட்டேன்.

11 ஜூலை, வெள்ளி

நாச்சிமுத்து விடுப்பு. ஏ-52 பேட்சை நானே ஓட்டினேன். வகுப்பு இருந்தது, ஆனாலும் பத்து இருபத்தைந்துக்கே ஆய்வகத்துக்கு வந்துவிட்டேன். 8.30 போட்டது. 10.30 நிறுத்தியது. காரணம் என்ற பத்தியில் அவர் வழக்கமாக எழுதுவதையே நானும் எழுதிவைத்தேன்: ராகு காலம்.